சினிக்கலுக்குள் ஒரு நாய்

தெருவில் புதிதாகத் தார் போடுகிறார்கள். "பரவாயில்லையே, ஒருவழியா ரோடு வந்துடுச்சு" என்கிறார் ஒருவர். பக்கத்தில் நிற்பவர் "தேர்தல் வருதுல்ல" என்கிறார். அடுத்த வாரம் ரத்ததான முகாம். "போட்டோ எடுத்தாச்சா?" என்று கேட்கிறார் அதே ஆள். ஆங்கிலம் கலந்து பேசும் நம்மவர்கள் இவரைத்தான் "சரியான சினிக்" என்பார்கள். இவர் பேச்சுக்கு "சினிக்கல்" என்று பெயர். எந்த நல்ல காரியத்தின் பின்னாலும் ஒரு சுயநலம் உட்கார்ந்திருக்கிறது என்று, காரியம் நடக்கும் முன்பே தீர்ப்பு எழுதி வைத்துவிட்டவர்.

வேரைத் தோண்டி நேராகத் தமிழாக்கினால் அந்தச் சொல்லுக்கு 'நாய்த்தனமான' என்றுதான் வரும்.

இன்றைய பொருளுக்கு ஒரே சொல்லில் தமிழ் தேடி நானும் பலமுறை தோற்றிருக்கிறேன். அவநம்பிக்கை என்றால் அகலம் அதிகம். எடை போடும் கடைக்காரர் மேல்கூட அவநம்பிக்கை வரலாம். விரக்தியில் சோகம் இருக்கிறது. சினிக் அவ்வளவாகச் சோகப்படுவதில்லை, பல நேரம் ரசிக்கவே செய்கிறார். நக்கல் வெறும் தொனி. சந்தேகப்பேர்வழியும் வேறு ஆள்: ஆதாரம் காட்டினால் அவர் ஒப்புக்கொள்வார். சினிக்கிடம் ஆதாரம் காட்டினால், "இதைக் காட்டுறதுல உங்களுக்கு என்ன லாபம்?" என்று கேட்பார்.

சரி, இதற்குள் நாய் எப்படி வந்தது?

கிரேக்கத்தில் நாய்க்குக் 'கியோன்' என்று பெயர். வேற்றுமை ஏற்று 'நாயின்' என்றாகும்போது 'கினோஸ்'. அதிலிருந்து பிறந்த உரிச்சொல் 'கினிகோஸ்', அதாவது நாய் போன்ற. லத்தீன் அதைக் கடன் வாங்கியபோது முதலெழுத்தின் ஒலி ககரமாகவே இருந்தது. சீசர் 'கைசர்' ஆக இருந்த காலம் அது. பிற்கால லத்தீனிலும் பிரெஞ்சிலும் இகரம், எகரம் போன்ற உயிர்களுக்கு முன்னால் அந்தக் ககரம் இளகிச் சகரமானது. நமக்கு இது புதிதல்ல. கன்னடத்தில் 'கிவி', தமிழில் 'செவி'. அங்கே 'கெம்பு' என்றால் சிவப்பு, இங்கே 'செம்மை', 'செம்பு'. அதே உயிர்களுக்கு முன்னால், அதே வழுக்கல். ஆங்கிலம் அந்த இளகிய ஒலியைத்தான் வாங்கிக்கொண்டது. லொள்ளென்று தொடங்க வேண்டிய சொல்லில் ஒரு சீறல் மட்டும் மிஞ்சியது.

மற்ற சொந்தக்காரர்களைப் பார்த்தால் குடும்பம் புரியும். லத்தீனின் 'கானிஸ்', அதிலிருந்து வந்த 'கேனைன்', ஆங்கிலத்தின் 'ஹவுண்ட்', சமஸ்கிருதத்தின் 'ச்வன்' எல்லாம் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை. வைரவரின் வாகனத்தைச் 'சுவானம்' என்கிறோமே, அந்தச் சுவானமும் இந்தச் சினிக்கலும் தூரத்துப் பங்காளிகள்.

இனி ஆட்களுக்கு வருவோம். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்தில் ஒரு வகைத் தத்துவக்காரர்களை 'நாய்கள்' என்று அழைத்தார்கள். ஏன் என்பதற்கு இரண்டு கதைகள். முதல் கதைக்கு நாயகன் சாக்ரடீசின் சீடர் ஆன்டிஸ்தனீஸ். அவருடைய தாய் த்ரேசியப் பெண் என்பார்கள். பெற்றோரில் ஒருவராவது ஏதென்ஸ்காரராக இல்லாத பிள்ளைகளுக்கென்று மதிலுக்கு வெளியே 'கினோசார்ஜெஸ்' என்று ஒரு உடற்பயிற்சிக் கூடம் இருந்தது. அவர் அங்கே பாடம் நடத்தினார். அந்த இடத்தின் பெயரிலேயே நாய் உண்டு. பலியிட்ட இறைச்சியை ஒரு வெள்ளை நாய் கவ்விக்கொண்டு ஓடிவந்து போட்ட இடம் என்று தலபுராணம்போல ஒரு விளக்கமும் சொல்வார்கள். இடத்தின் பெயர் ஆட்களுக்கு ஒட்டிக்கொண்டது என்பது இந்தக் கட்சி.

எனக்கு இது கொஞ்சம் படித்தவர்கள் பின்னால் உட்கார்ந்து ஜோடித்த விளக்கமாகவே படுகிறது. இரண்டாவது கதை எளிது: அது ஒரு வசவு. சினோப் ஊர் டயோஜினீசைப் பார்த்துத் தெருவில் போகிறவர்கள் "நாயே" என்றார்கள், அவரும் "ஆமாம், நாய்தான்" என்றார்.

அந்த வசவின் கனத்தை அறியக் கிரேக்கர்களின் நாயைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஹோமரின் இலியட் காவியத்தில் அகிலீஸ் அரசன் அகமெம்னானைத் திட்டும்போது நாயின் கண்ணும் மானின் நெஞ்சும் கொண்டவனே என்கிறான். கண்ணில் வெட்கமில்லை, நெஞ்சில் துணிவில்லை என்று அர்த்தம். தன்னால் மூண்ட போரை நினைத்து நொந்துபோகும் ஹெலன் தன்னையே நாய் என்கிறாள். ஆனால் அதே ஹோமரின் ஒடிசியில்தான், இருபது ஆண்டு கழித்துப் பிச்சைக்காரன் வேடத்தில் வீடு திரும்பும் எஜமானனை, சாணக் குவியலில் கிடக்கும் ஆர்கோஸ் என்ற கிழட்டு நாய் அடையாளம் கண்டு, வாலை ஆட்டிவிட்டு உயிரை விடுகிறது. வெட்கம் கெட்டதும் நாய், நன்றி மறவாததும் நாய். 'நாயே' என்று திட்டிக்கொண்டே 'நன்றியுள்ள ஜீவன்' என்று பள்ளிக் கட்டுரையும் எழுதும் நமக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை.

டயோஜினீஸ் கருங்கடல் கரையிலிருந்த சினோப்பில் பிறந்தவர்; இன்றைய துருக்கியில் இருக்கிறது அந்த ஊர். அப்பா ஹிகெசியஸ் காசு மாற்றும் தொழில் செய்தவர். அப்பாவோ மகனோ, அல்லது இருவருமோ, நாணயத்தைச் சிதைத்த குற்றத்துக்காக ஊரை விட்டுப் போக நேர்ந்தது என்பது பழைய செய்தி. உளியால் வெட்டிக் கெடுத்த சினோப் காசுகள் பிற்காலத்தில் கிடைத்திருக்கின்றன. ஹிகெசியஸ் என்ற பெயர் பொறித்த காசும் உண்டு. இந்தப் பழியை டயோஜினீஸ் மறைக்கவில்லை, அதையே தன் கொள்கையாக்கிக்கொண்டார். கிரேக்கத்தில் காசுக்கு 'நோமிஸ்மா' என்று பெயர், ஊர் வழக்கத்துக்கும் சட்டத்துக்கும் 'நோமோஸ்'. காசைக் கெடுப்பது என்று அவர் சொன்னால், ஊரில் செல்லுபடியாகும் கௌரவம், பதவி, குலம், மரியாதை எல்லாவற்றையும் செல்லாக்காசாக்குவது என்று பொருள்.

ஏதென்சுக்கு வந்து குடியிருந்தது பீப்பாய்க்குள் என்று பல புத்தகங்களில் படித்திருப்போம். பீப்பாய் அல்ல. தானியமும் மதுவும் சேர்த்து வைக்கும் 'பிதோஸ்' என்ற பெரிய மண்சாடி. நமக்குத் தாழி என்றால் உடனே கண்முன் வந்துவிடும். தாழி புழக்கத்தில் இல்லாத நாடுகளில்தான் அது மரப் பீப்பாயாக மாறியிருக்க வேண்டும். பிரெஞ்சு ஓவியர் ஜெரோம் 1860இல் வரைந்த படத்தில் டயோஜினீஸ் சரியாக மண்சாடிக்குள்தான் உட்கார்ந்திருக்கிறார், எதிரே நாய்கள் காவல்.

சந்தையில் உட்கார்ந்து தின்றார். அது அன்று அநாகரிகம். விருந்தொன்றில் சிலர் நாய்க்குப் போடுவதுபோல அவருக்கு எலும்பை எறிந்தார்கள். அவரும் நாய் செய்வதுபோலவே காலைத் தூக்கி அவர்கள் மேல் சிறுநீர் கழித்துவிட்டுப் போனார். கொரிந்துவில் அலெக்சாண்டர் வந்து நின்று என்ன வேண்டும் என்று கேட்டதும், வெயிலை மறைக்காமல் தள்ளி நில் என்று பதில் வந்ததும் பலருக்குத் தெரிந்த கதை. ஒரு சிறுவன் கையைக் குவித்துத் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துவிட்டு, எளிமையில் இந்தப் பையன் என்னை வென்றுவிட்டான் என்று தன் குவளையைத் தூக்கி எறிந்த கதையும் உண்டு. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் திருவிடைமருதூர் நினைவு வந்துவிடும். ஒரு திருவோடும் ஒரு நாயும் வைத்திருந்த பாவத்துக்காகப் பத்திரகிரியாரைப் பட்டினத்தார் 'சம்சாரி' என்று கேலி செய்ய, அவர் ஓட்டை வீசி எறிந்த கதை. இரண்டுக்கும் தொடர்பு இருக்க வேண்டிய அவசியமில்லை. பாத்திரத்தில் தொடங்குவதுதான் குடித்தனம் என்று இரண்டு ஊர்க்காரர்களுக்கும் தோன்றியிருக்கிறது, அவ்வளவே.

இந்தியாவோடு உண்மையான தொடர்பு வேறொன்று. டயோஜினீசின் சீடர் ஒனெசிக்ரிடஸ் அலெக்சாண்டரின் படையோடு தட்சசீலம் வரை வந்தவர். அங்கே ஆடையில்லாத துறவிகளிடம் பேச அரசன் இவரைத்தான் அனுப்பினான். உங்கள் நாட்டிலும் இப்படிப் போதிப்பவர்கள் உண்டா என்று கேட்டபோது, பித்தாகரஸ், சாக்ரடீஸ் பெயர்களோடு தன் குருவின் பெயரையும் சொன்னதாகப் பழைய புவியியல் ஆசிரியர் ஸ்ட்ராபோ எழுதி வைத்திருக்கிறார்.

ஓர் எச்சரிக்கை. மேலே சொன்ன கதைகளில் பெரும்பாலானவை டயோஜினீஸ் லயர்ஷியஸ் என்ற இன்னொரு டயோஜினீஸ் தொகுத்தவை. அவர் நம் ஆளுக்கு ஐந்நூறு ஆண்டுக்கும் மேல் பிந்தியவர். தெனாலிராமன் பேரில் எத்தனை கதை ஒட்டிக்கொண்டதோ அதைப்போலத்தான் இதுவும். ஆனால் 'நாய்' என்ற பெயர் மட்டும் பிற்காலக் கட்டு இல்லை. சமகாலத்தவரான அரிஸ்டாட்டில் தன் அணியிலக்கண நூலில், ஏதென்சின் சாராயக் கடைகளை 'அட்டிகாவின் பொதுச் சாப்பாட்டுக் கூடங்கள்' என்று நாய் சொன்னது என்று ஓர் உதாரணம் தருகிறார். அட்டிகா என்பது ஏதென்ஸ் இருக்கும் வட்டாரம். ஸ்பார்ட்டாவில் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து ஒழுக்கமாக உண்ணும் கூடங்கள் பெயர்போனவை. அதை வைத்து அடித்த கேலி. கவனிக்க வேண்டியது, எந்த நாய் என்று அரிஸ்டாட்டில் சொல்லவில்லை. 'நாய்' என்றாலே வாசகர்களுக்கு ஆள் யாரென்று தெரிந்திருக்கிறது.

அப்படியென்றால் இந்த நாய் எதை நம்பியது? இங்கேதான் சொல்லின் முழுத் திருப்பமும் இருக்கிறது. ஏன் உன்னை நாய் என்கிறார்கள் என்று கேட்டபோது, கொடுப்பவரிடம் வாலாட்டுகிறேன், கொடுக்காதவரைப் பார்த்துக் குரைக்கிறேன், அயோக்கியரைக் கடிக்கிறேன் என்றாராம். இதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று: மற்ற நாய்கள் எதிரிகளைக் கடிக்கும், நான் நண்பர்களைக் கடிக்கிறேன், அவர்களைக் காப்பாற்றுவதற்காக. கடிப்பவனுக்குக் கடிபடுபவன் மேல் நம்பிக்கை வேண்டும். மனிதன் திருந்துவான், இந்தப் பகட்டெல்லாம் இல்லாமலே நன்றாக வாழ முடியும் என்ற நம்பிக்கை. பிற்காலத்தில் அரிஸ்டாட்டிலுக்கு உரை எழுதியவர்கள் இந்தப் பெயருக்குக் காரணம் அடுக்கும்போது, தெருவில் கிடப்பதையும் வெட்கமின்மையையும் சொல்லிவிட்டு, நாய் நல்ல காவலாளி, நண்பனையும் பகைவனையும் இனம் பிரிக்கத் தெரிந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

டயோஜினீசுக்கு அடுத்து வந்த கிரேட்டீசைப் பாருங்கள். தீப்ஸ் நகரத்துப் பணக்காரர், சொத்தை உதறிவிட்டு வந்தவர். பெரிய இடத்துப் பெண்ணான ஹிப்பார்க்கியா வீட்டாரின் எதிர்ப்பை மீறி அவரை மணந்து, அவரைப்போலவே ஒற்றை மேலாடையோடு தெருவில் வாழ்ந்தார். அந்தக் கல்யாணத்துக்கு 'நாய்க் கல்யாணம்' என்றே பெயர். இந்தக் கிரேட்டீசுக்கு ஏதென்ஸ்காரர்கள் வைத்த பட்டப்பெயர் 'கதவு திறப்பவர்'. வீட்டில் சண்டை என்றால் அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துப் பஞ்சாயத்து செய்யச் சொல்வார்களாம், அவருக்கு எந்த வீட்டுக் கதவும் மூடியிருக்காது. இன்று நமக்குத் தெரிந்த ஒரு சினிக்கை யாராவது குடும்பச் சண்டை தீர்க்கக் கூப்பிடுவார்களா? கிரேட்டீசின் மாணவர் ஜீனோதான் பிறகு ஸ்டோயிக் தத்துவ மரபைத் தொடங்கியவர்.

பிறகு எங்கே கெட்டது? ரோமானியர் காலத்தில் ஆள் பெருகிவிட்டது. ஒரு கம்பு, ஒரு பை, அழுக்கு மேலாடை, சடைத்தாடி இருந்தால் போதும், தத்துவக்காரர் ஆகிவிடலாம். யாரையும் திட்டலாம், சோறும் கிடைக்கும். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் லூசியன் என்ற நையாண்டி எழுத்தாளர் இவர்களைத் துவைத்து எடுத்தார். 165இல் ஒலிம்பிக் விழாவில் பெரெக்ரினஸ் என்ற சினிக் கூட்டத்தின் முன் தீக்குளித்ததையும் அவர் சுத்த விளம்பர மோகம் என்றுதான் எழுதினார். கொஞ்சம் கவனித்தால், இன்றைய பொருளில் சினிக் இங்கே லூசியன்தான். உண்மையானவர்களும் இருந்தார்கள். டெமெட்ரியஸ் என்ற சினிக், பேரரசர் வெஸ்பாசியன் எதிரே வந்தபோது எழுந்து நிற்காமல் உறுமினார். நீ என்னைக் கொலை செய்ய வைக்க என்னவெல்லாமோ செய்கிறாய், குரைக்கிற நாயை நான் கொல்வதில்லை என்றாராம் பேரரசர். அவர் பதிலிலும் அந்த நாய் உயிரோடு இருக்கிறது.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் 16ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தபோது, தத்துவம் வழியில் உதிர்ந்து உறுமல் மட்டும் மிச்சம். ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தில் கூடாரத்துக்குள் அழைக்காமல் நுழைந்து அறிவுரை சொல்லும் ஒரு கவிஞனைப் பார்த்து, இந்த சினிக் எவ்வளவு மட்டமாக எதுகை போடுகிறான் என்கிறான் காசியஸ். அங்கே சினிக் என்றால் நாகரிகம் தெரியாத வாய்த்துடுக்குக்காரன், அவ்வளவுதான். மனித நோக்கங்களில் நல்லதே கிடையாது என்று நம்புகிறவன் என்ற பொருள் நன்றாக ஊன்றியது 19ஆம் நூற்றாண்டில்.

அந்த மாற்றத்தை ஒரு கதையிலேயே காட்டிவிடலாம். டயோஜினீஸ் பட்டப்பகலில் விளக்கோடு சுற்றிய கதை. "ஒரு நேர்மையான மனிதனைத் தேடுகிறேன்" என்று சொன்னதாகத்தான் நாம் படித்திருப்போம். கிரேக்க மூலத்தில் 'நேர்மையான' கிடையாது. மனிதனைத் தேடுகிறேன் என்பதோடு சரி. நிறைந்த சந்தையில் நின்று மனிதனைத் தேடுகிறேன் என்றால், கேட்கிறவனுக்குச் சுருக்கென்று தைக்கும்: அப்போ நான் யார்? மனிதனாக இரு என்று தோளைத் தட்டும் வேலை அது. 'நேர்மையான' என்பதைச் சேர்த்ததும் கதை மாறிவிட்டது. எல்லாரும் திருடர்கள், தேடிப் பார்த்தும் ஒருவன் அகப்படவில்லை என்ற முடிவுரையாகிவிட்டது. ஒரே ஓர் அடைமொழி, நாயைச் சினிக்காக்கிவிட்டது.

1892இல் மேடையேறிய தன் நாடகமொன்றில் ஆஸ்கர் வைல்டு சினிக்குக்குக் கொடுத்த வரையறை ஊரறிந்தது: எல்லாவற்றின் விலையும் தெரிந்து, எதன் மதிப்பும் தெரியாதவன். நாணயத்தைக் கெடுத்த வீட்டுப் பிள்ளையில் தொடங்கிய சொல் இது. விலை என்ற கணக்கையே செல்லாததாக்க வந்தவரின் பெயர், விலையைத் தவிர வேறு கணக்கு தெரியாதவனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இந்தக் குழப்பத்துக்கு ஜெர்மானியர்கள் ஒரு வழி கண்டார்கள். பழைய தத்துவத்துக்குக் 'கினிஸ்முஸ்' என்று ககரம், இன்றைய மனநிலைக்கு 'ட்சினிஸ்முஸ்'. ஆங்கிலத்தில் தத்துவக்காரர்களைப் பெரிய எழுத்தில் தொடங்கி எழுதிச் சமாளிக்கிறார்கள். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. இரண்டையும் 'சினிக்' என்றே எழுதினால் டயோஜினீசும் ரத்ததான முகாம்காரரும் ஒரே பந்தியில் உட்கார வேண்டியதுதான். நாமும் ஜெர்மானியர் வழியில் பழையவர்களைக் 'கினிக்கர்' என்றால் என்ன? போன குரைப்பு கொஞ்சம் திரும்பி வரும்.

இதே நாய் ஆங்கிலத்தில் வேறு மூலைகளிலும் சுருண்டு படுத்திருக்கிறது. தொண்டையில் சீழ் கட்டும் நோய்க்கு 'குவின்சி' என்று பெயர். கிரேக்கத்தின் 'நாய் நெரிப்பு' தேய்ந்து வந்த சொல் அது. மூச்சுக்கு வாயைப் பிளக்கும் நோயாளியைப் பார்த்தால் காரணம் புரியும். கூட்டத்தின் பார்வையெல்லாம் ஒருவர் மேலேயே இருந்தால் அவரைச் 'சைனோஷர்' என்பார்கள். அதன் நேர்ப்பொருள் நாய்வால். துருவ நட்சத்திரம் இருக்கும் சிறு கரடிக் கூட்டத்துக்குக் கிரேக்கர் வைத்த பெயர் அது. மாலுமிகள் அதையே பார்த்துக்கொண்டு கடல் கடந்ததால் வந்த பொருள்.

டயோஜினீஸ் கி.மு. 323இல் கொரிந்துவில் இறந்தார். எப்படி என்பதற்கு மூன்று கதை. பச்சை ஆக்டோபஸ் தின்று வயிறு கெட்டது என்றார்கள். மூச்சைத் தானே அடக்கிக்கொண்டார் என்றார்கள். நாய்களுக்கு ஆக்டோபசைப் பங்கு போட்டுக் கொடுக்கும்போது ஒரு நாய் காலில் கடித்துவிட்டது என்றும் சொன்னார்கள். செத்தால் புதைக்காமல் வெளியே எறிந்துவிடுங்கள், மிருகங்கள் தின்னட்டும் என்பது அவர் விருப்பம். நண்பர்கள் கேட்கவில்லை. நகர வாசலருகே புதைத்து, ஒரு தூண் நட்டு, அதன் மேல் பாரோஸ் தீவின் சலவைக்கல்லில் ஒரு நாயைச் செய்து வைத்தார்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அந்த வழியாகப் போன பயணி பவுசானியஸ், வாசல் ஓரத்தில் சினோப் டயோஜினீசின் கல்லறை இருக்கிறது, கிரேக்கர்கள் அவரை நாய் என்று அழைப்பார்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டு ஊருக்குள் போகிறார்.